ரேலீன் அடித்த ஹார்ன்

சுரங்க லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை முன்னால் எடுப்பதற்கு முன் இரண்டு ஹார்ன், பின்னால் எடுப்பதென்றால் மூன்று. வீடு உயரத்துக்கு நிற்கிற வண்டியின் காலடியில் யார் இருக்கிறார்கள் என்று மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, அதனால்தான். நாங்களெல்லாம் அதை வேலையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ரேலீன் டஃபி மட்டும் விடமாட்டாள். கடையில் தள்ளுவண்டியை நகர்த்தும்போதும் வாயாலேயே "பீப் பீப்" என்பாள். சர்க்கரை எடுக்க மறந்து பின்னால் வந்தால் மூன்று. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ரேலீன் ஆறுகள் வற்றியே கிடக்கும் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். குளிக்க ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தாலே பெரிய விஷயம், நீச்சலுக்கு எங்கே போவாள்? ஆஸ்திரேலியாவின் மேற்கே, பில்பாராவில் எங்கள் இரும்புச் சுரங்க ஊருக்குப் புருஷனோடு வந்தாள். அவன் கடற்கரைப் பக்கம் வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டான். இவளும் போய்க் கூப்பிடவில்லை. லாரி ஏறினாள், எங்கள் ஷிப்டிலேயே மூத்த டிரைவர் ஆனாள்.

ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் தேசியப் பூங்கா. சமமாகக் கிடக்கும் தரை திடீரென்று பிளந்து, அடியாழத்தில் தண்ணீர் ஓடும். அந்தப் பிளவுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ரேலீன் ஒருநாளும் இறங்கியதில்லை. கேட்டால், "போங்கடி, அந்தச் சிவப்புக் கல்லத்தான் தெனமும் சொமந்து கொட்டுறேனே. லீவு நாள்லயும் அது மூஞ்சியிலயே முழிக்கணுமா?" என்பாள்.

போன வருடப் பரிசோதனையில் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பக்கப் பார்வை இரண்டு புறமும் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். மருந்து போட்டால் கொஞ்சம் தள்ளிப் போகும், நிற்காது. லாரியிலிருந்து இறக்கி அவளை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். யாரிடமும் அவள் மூக்கைச் சிந்தவில்லை. ஒரு சாயங்காலம் என்னிடமும் டொரீனிடமும் வந்து, "அந்தப் பிளவுக்குள்ள கடைசிக் குளம் இருக்குதாமே. அதப் பாக்கணும். கண்ணு இருக்கும்போதே" என்றாள்.

டொரீன் எங்கள் ஷிப்டில் புழுதி அடங்கப் பாதைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டுகிறவள். பஞ்சிமா என்கிற பூர்வகுடியைச் சேர்ந்தவள். அந்தப் பிளவுகள் அவள் முன்னோர்களின் இடம்.

"கடைசிக் குளத்துக்கு நீந்தில்லடி போகணும்?" என்றாள் டொரீன்.

"பழகிக்கிறேன்."

கோடை முழுக்க ஊர் நீச்சல் குளத்தில் பொடிசுகளோடு பொடிசாக நின்றாள். குப்புறப் படுத்தால் கல்லாக மூழ்கினாள். மல்லாந்து மிதக்க மட்டும் வந்தது. அதுவும் கை ஓரம் எட்டும் இடத்தில்தான். கடைசியில் நான் என் பழைய கார் டியூப் ஒன்றைக் காற்றடித்து எடுத்து வைத்தேன்.

குளிர்காலத்தில் ஒரு காலையில் இறங்கினோம். இரும்பு ஏணி, அதற்குக் கீழே படிக்கட்டு மாதிரி உடைந்து கிடக்கும் பாறை. மேலே இருந்த ஈயும் புழுதியும் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. சுவரில் வேர் பிடித்துத் தொங்கும் அத்தி மரங்கள், கசியும் தண்ணீர், எங்கேயோ ஒரு தவளை. ரேலீனின் தோளை நான் பிடித்துக்கொண்டேன். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் அவளுக்குத் தெரியாது, இடித்துக்கொள்வாள். ஒவ்வொரு திருப்பத்திலும் "பீப் பீப்" என்று வேறு சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் தண்ணீரில் டொரீன் குனிந்து ஒரு வாய் அள்ளி, குளத்தின் மேலேயே ஊதித் துப்பினாள். பிறகு அவள் மொழியில் ஏதோ சொன்னாள்.

"என்னடி சொன்னே?"

"இங்க இருக்குற என் முன்னோருங்ககிட்ட உன்னப் பத்திச் சொன்னேன். இவ ரேலீன், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது, ஒண்ணும் செய்யாதீங்கன்னேன்."

"வாயப் பத்தி ஏண்டி சொன்னே?"

"எப்படியும் கேக்கத்தானே போறாங்க."

அப்புறம் சுவர்கள் நெருங்கின. இந்தச் சுவரில் ஒரு கை, ஒரு கால், அந்தச் சுவரில் மற்றது என்று சிலந்தி மாதிரி ஊன்றிப் போக வேண்டும். நடுவே காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. இடமும் வலமும் கல், எதிரே ஒரு கீற்று வெளிச்சம். அவ்வளவுதான் தெரிந்தது. ரேலீன் நின்று சிரித்தாள்.

"உங்களுக்கும் இப்ப என் கண்ணு வந்துடுச்சு பாத்தீங்களா. நான் இப்படித்தாண்டி பாக்குறேன்."

நான் அவள் காலைப் பிடித்து அடுத்த கல்லில் வைத்தேன்.

இடுக்கு முடிந்த இடத்தில் தண்ணீர் கருப்பாகக் கிடந்தது. டொரீன் குதித்து, "ஐயோ அம்மா, ஐசு!" என்று கத்தினாள். நான் டியூபை மிதக்கவிட்டேன். ரேலீன் இறங்கவில்லை. பாறை விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்தாள். அவள் மூன்று ஹார்ன் அடிப்பாள், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். திரும்பினால் மறுபடி வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த குளிர்காலத்துக்குள் அவள் கண்ணில் அந்தக் கீற்று எவ்வளவு மிச்சமிருக்குமோ.

"பீப்" என்றாள்.

மூச்சு வாங்கினாள்.

"பீப்."

இரண்டு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் டியூபைக் கட்டிப்பிடித்துத் தண்ணீரில் விழுந்தாள். வாயில் வந்த வசவுகளை நான் எழுத முடியாது. காலை உதைத்துக்கொண்டே போனாள்.

கடைசிக் குளத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது சூரியன் நேர் மேலே வந்திருந்தது. நான் பல தடவை வந்தவள்தான், அன்றைக்கும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அடுக்கடுக்கான கல் தண்ணீருக்கு அடியிலிருந்து வானம் வரை ஏறுகிறது. சிவப்பு, அதன் மேல் கருநீலம், மறுபடி சிவப்பு, ஒவ்வொன்றும் விரல் கனம். தண்ணீரில் பட்ட வெயில் அந்த அடுக்குகளின் மேல் ஓடி ஓடி அசைந்தது. மீனும் மரமும் உலகத்தில் தோன்றுவதற்கு முன்னால் படிந்த கல் என்கிறார்கள். அங்கே நின்றால் நம்பத் தோன்றும். கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

ரேலீன் டியூபோடு காலை உதைத்துப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தாள்.

"டொரீன், நான் சொமந்ததெல்லாம் இதோட தூளுதானா?"

"ஆமா. நான் தண்ணி தெளிச்சதும் அதுக்குத்தான்" என்றாள் டொரீன்.

ரேலீன் உதடு நீலம் பாரிக்கும் வரை சுவரைப் பார்த்தாள். தலையை மெல்ல மெல்லத் திருப்பி, ஒரு துண்டு, அடுத்த துண்டு என்று கீழிருந்து மேல் வரை பார்த்தாள். வெயில் நகரத் தொடங்கியது.

"போதும் வாடி, வெறச்சுப் போயிடுவ" என்றேன்.

அவள் டியூபை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"இதப் புடிச்சுக்கிட்டுப் போனா இந்தச் சுவருக்கு முதுகு காட்டிட்டுல்ல போகணும்."

தண்ணீரில் மெதுவாகச் சாய்ந்தாள். காது மூழ்கியது, முகம் மட்டும் மேலே நின்றது. டொரீன் பின்னால் போய் அவள் தலைமாட்டில் நீந்தினாள், தொடவில்லை. ரேலீன் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், காலால் லேசாகத் தள்ளி, பின்னாலேயே நகர ஆரம்பித்தாள்.

"பீப்" என்றாள். "பீப். பீப்."