எலிசா அக்கா எழுத வைத்த தாள்

எலிசா அக்கா போய்விட்டார் என்று ஆம்பூரிலிருந்து போன் வந்தபோது தோல் பதனிடும் ஷாப்பில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அஞ்சலி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். உங்களுக்கெல்லாம் மனு எழுதித் தந்த அந்த வலது கையை முறித்தவன் நான்தான்.

அவர் கணவர் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்தார். தூக்கப் போன கொழுந்தனும் செத்தான். அதன் பிறகு சுகாதாரத் துறை ஒரு வரைவு விதி வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. இறங்குகிறவர்களுக்கு முகக்கவசம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அக்கா கொதித்துப்போனார். "முகமூடி மாட்டிக்கினு சாவணுமா? ஆளே எறங்கக் கூடாதுன்னு எழுதுங்க!"

தொழிலாளர்கள் ஒரே மனுவில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அதை ஒரே கருத்து என்று பதிந்துகொண்டார்கள். அக்கா மறுபடி வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு தாள் எழுத வைத்தார். யாராவது 'ஐயா, தாழ்மையுடன்' என்று ஆரம்பித்தால் தாளைப் பிடுங்கிவிடுவார். "தாழ்மைய வுடு. உனுக்கு இன்னா ஆச்சோ அத எழுது."

கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கக் கூடாது என்று என் அப்போதைய தோல் ஷாப் முதலாளி எங்களில் சில பேரை அனுப்பினார். நாற்காலிகள் பறந்தன. ஒருவருக்கு மண்டை பிளந்தது. அக்கா தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உருட்டுக்கட்டையால் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் தாள்கட்டை இடது கைக்கு மாற்றி, அதிகாரியின் மேசையில் வைத்தார். "ஒண்ணொண்ணா எண்ணிக்கோ சார்" என்றார். தாளெல்லாம் ரத்தம்.

போலீஸ் கேஸை வாபஸ் வாங்கச் சொல்ல, வெட்கமில்லாமல் அவர் வீட்டுக்கே போனேன். கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்.

"கேச வாபஸ் வாங்க மாட்டேன் சேகரு. அது வேற. ஒரு தபா நீ தொட்டியில மயங்கிட்ட, எங்க வூட்டுக்காரருதான் உன்ன மேல தூக்கினாரு. கருத்து அனுப்ப இன்னும் நாளு இருக்குது. அத எழுது."

அழுதுகொண்டே 'தாழ்மையுடன்' என்று ஆரம்பித்தேன். இடது கையாலேயே கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளில் நடந்ததை மட்டும் எழுதினேன். பிறகு ஜெயிலுக்கும் போனேன்.

இறுதி விதியில் 'ஆள் இறங்கக் கூடாது' என்ற வரி வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா போனார்.

அவர் கிழித்த அந்த முதல் தாள் என்னிடம் இருக்கிறது. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே, தொட்டி அடைத்துக்கொண்டது, ஓர் ஆளை இறக்கு என்றார் இப்போதைய முதலாளி. முடியாது என்றேன். தாழ்மையுடன் சொல்லவில்லை.