வேலி தாண்டிய மிளகுக்கொடி

மாரமங்கலத்து ஸ்தனிஸ்லாஸ், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஒரு காப்பிச் செடிகூட விட்டுப்போகாமல் எழுதிவிடுவார். ஐம்பதைத் தொட்டும் அவருக்குக் கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை.

பக்கத்துத் தோட்டம் தேவகுமாரியுடையது. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர், புருஷனை இழந்தவர். அவர் பக்கம் வேர்விட்ட மிளகுக்கொடி, வேலியைத் தாண்டி ஸ்தனிஸ்லாஸின் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தது. மிளகு யாருக்கு என்று இருவரும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். போகப்போக, ஒருநாள் சண்டை இல்லையென்றால் இருவருக்குமே பொழுது போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் கல்யாணம் பேசி முடிவானது.

"ஏனுங்க, மொதல்ல ஒரு அக்ரிமெண்ட் எழுதிக்கலாமுங்க," என்றார் தேவகுமாரி. "என் ஊடும் தோட்டமும் எனக்கு. உங்களுது உங்களுக்கு."

ஸ்தனிஸ்லாஸின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் பேனாவைத் திறந்ததும் தொழில் உற்சாகம் வந்துவிட்டது. வேர் அவருக்கு, மரம் தனக்கு, மிளகு பொது என்று எழுதினார்.

"பறிக்கிறது யாருங்க?"

"ஆம்பளை நான் இருக்கேனுங்களே, டீச்சர்."

"அப்ப அதையும் எழுதுங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

கல்யாணம் முடிந்து மிளகு பழுத்தது. பறிக்கப் போன ஸ்தனிஸ்லாஸ் ஏணியில் பாதிகூட ஏறியிருக்க மாட்டார். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பயமா இருந்தா எறங்குங்க."

"எறங்கறதுக்கும் பயமா இருக்குதுங்க."

தேவகுமாரி சிரிக்காமல் கீழிருந்து அவர் பாதத்தைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு தாமே ஏறிப் பறித்தார். ஸ்தனிஸ்லாஸுக்குத்தான் மனம் ஆறவில்லை. தாம் எழுதிய ஷரத்தைத் தாமே மீறிவிட்டாராம்.

"அதை மாத்தி எழுதிக்கலாமுங்க," என்றார் தேவகுமாரி. "நான் பறிக்கிறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து நீங்க ருசியா சமைக்கோணும்."

சமைப்பதாக எழுதினார். 'ருசியாக' என்று சேர்க்க மட்டும் மறுத்துவிட்டார்.

"ருசிக்கு யாருங்க சாட்சி சொல்றது?"

அந்த ஒரு சொல்லுக்காக, ஞாயிறுதோறும் சாப்பிடும்போது இருவரும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.