புழுங்கலைத் தின், புழுங்க நட

டிரெசர் வேலையில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எளிது. ஒருவர் உண்ணும் சோற்றை மாற்றச் சொல்வதே கொடிது.

பிறர் உடல்நலத்துக்காக ஒருமுறையேனும் வாய் திறந்து நொந்தவர்கள் என் துயரை உடனே அறிவார்கள். பிரிக்ஃபீல்ட்சில், கடல் கடந்து பிழைக்க வந்த இரயில்வேக்காரர்களுக்கென்று இருந்த சிறு மருந்துச்சாலையில், மருத்துவருக்கு உதவியாளான டிரெசராக என் காலம் கழிந்தது. கேட்டதைக் கேட்ட வடிவிலேயே நினைவில் இருத்துவது என் பழக்கம். ஆகவே கீழே வருபவை அவரவர் வாய்ச்சொற்களே.

மழைக்காலச் சோர்வு

ஆண்டிறுதி மழை பிடித்துக்கொண்டால் எல்லாருக்கும் ஒரே முறையீடு: உடம்பில் தெம்பில்லை. சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி மாசிலாமணியும் அப்படித்தான் வந்தார். இளைஞர், ஆயினும் படியேற மூச்சு வாங்கியது. கணைக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன். விழுந்த பள்ளம் நிரம்பவில்லை. கால் வீங்கித் தளரும் பெரிபெரி நோயின் தொடக்கம். நெல்லை அவித்துக் குத்திய புழுங்கலரிசியை உண்ட கூலிகளை அந்நோய் அரிதாகவே தீண்டியது. தவிடு போகத் தீட்டிய சயாம் வெள்ளரிசிக்கு உயர்ந்துவிட்ட கிராணிகளையே அது தேடி வந்தது.

மனத்தில் நிற்கட்டுமென்று எதுகையோடு சொன்னேன்: "புழுங்கலைத் தின், புழுங்க நட." பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் சேர்த்து உண்டு, கால் தேறத் தேற, மழை விட்ட வேளையில் வியர்க்க நடக்க வேண்டும் என்று விளக்கவும் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்:

"அதெல்லாம் சரிங்க டிரெசரய்யா. நான் புழுங்கல் வாங்குனா பாசார்ல பாக்குறவன் என்ன நினைப்பான்? ஒரு பாட்டில் டானிக் குடுங்களேன்."

கிள்ளான் பாடம்

வெள்ளரிசி மூட்டைகளை அனுப்பி வந்தவர் மாசிலாமணியின் மாமனார். கிள்ளானில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கங்காணி. அதை நிறுத்தும்படி கேட்க நேரில் சென்றேன். நான் யாரென்று சொல்லுமுன்பே அவர் எனக்கு அறிவுரை வழங்கினார்: "புழுங்கலைத் தின்னா புழுங்கும், வெள்ளையைத் தின்னா வெளுக்கும்." என் வாக்கியமேதான்! இரயிலேறிக் கிள்ளான் வந்து சேர்வதற்குள் தலைகீழாகியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் டிரெசர் சொன்னதாம். அந்த டிரெசர் நான்தான், சொன்னது இப்படியன்று என்றேன். கங்காணி என்னை இரக்கத்தோடு பார்த்தார்:

"அடடா, அதுக்குள்ள உங்களுக்கே மறந்துபோச்சுங்களா?"

காலை நடை

கணவர் நாள்தோறும் விடியலில் குடையோடு புறப்படுவதாக மாசிலாமணியின் மனைவி பார்வதி வந்து சொன்னார். ஒருவரேனும் கேட்டாரே என்று அன்று நிறைவாக உண்டேன். மறுநாள் தெருமுனை வெற்றிலைக்கடை இராவுத்தரிடம் இதைப் பெருமையாகச் சொல்லப்போக, அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்:

"நடையா? முக்குல ரிக்‌ஷா ஏறி ஏரிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வராரு. உங்க வைத்தியம் வீண்போகல டிரெசரே, ரிக்‌ஷாக்காரன் உடம்பு நல்லாத் தேறிட்டான்!"

குந்தி எழுதல்

மழை ஓயுமுன் வெள்ளைக்கார மருத்துவர் சோதனைக்கு வந்தார். கையூன்றாமல் குந்தி எழ முடியாதவர் வேலையிழந்து ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். மாசிலாமணி குந்தினார்; எழவில்லை. மருத்துவர் கைகழுவப் போய்விட்டார். தூக்கிவிடக் குனிந்த என்னிடம் தரையிலிருந்தபடியே அவர் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்கய்யா. எங்கப்பா தண்டவாளத்துல நடந்து நடந்து புழுங்கல் சோறு தின்னாரு. நான் நடக்கக் கூடாது, அதத் திங்கக் கூடாதுன்னுதானே என்னைப் படிக்க வெச்சாரு?"

கப்பலடி

வழியனுப்பப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குச் சென்றேன். எனக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. கப்பலில் புழுங்கற்சோறும் பருப்புமே போடுவார்கள். வேறு வழியில்லாமல் அதை உண்டாவது கால் உயிர்பெறலாம். பார்வதியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி ஏணியில் ஏறினார். அவர்களுக்குப் பின்னே ஒரு மூட்டை, சுமைகாரன் தலையில் ஏறிப் போயிற்று. என்ன அது என்று கங்காணியைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சயாம் அரிசிங்க. கப்பல்ல புழுங்கல்தான் போடுவானாம், மாப்பிள்ளை உடம்பு தாங்காது. தனியா வடிச்சுக் குடுக்கச் சொல்லிச் சமையக்காரன்கிட்ட பேசிட்டேன், நீங்க சொன்ன மாதிரியே!"

என் வாக்கியத்தின் திரிபுகளை எல்லாம் இன்றும் ஊர்வாரியாகப் பிழையறச் சொல்வேன். அதன்படி நடந்தவர் ஒருவரைக் காட்டச் சொன்னால்தான் இயலாது.