காற்று அடங்கட்டும்

அனல்மின் நிலையத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் கிரேனை ஓட்டியவள் அவள். எல்லோருக்கும் 'கிரேன் அக்கா'. நிலையத்தை மூடியபின் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார மனம் வரவில்லை. காற்றாலை நிறுவுகிற வேலையில் சேர்ந்தாள்.

நிலக்கரி சிந்தினால் அள்ளிக்கொள்ளலாம். காற்றாலையின் இறக்கையோ ஒரு தெரு நீளம். கோபுரத்தில் லேசாக இடித்தாலும் பாழ். முதல் இறக்கையைத் தூக்கிய அன்று, பாதி உயரத்தில் திடீரென்று காற்று கிளம்பியது. தொங்கிய இறக்கை மெல்லத் திரும்பியது. அவள் தூக்குவதை நிறுத்தினாள்.

"எறக்கிடலாமாக்கா?" உச்சியில் காத்திருந்த இன்ஜினியர் வாக்கிடாக்கியில் கேட்டான்.

"எறக்கிடலாம்ப்பா. காத்து அடங்கட்டும்."

"காத்துக்குன்னே ஒரு மெஷின செஞ்சுட்டு, காத்து எப்ப நிக்கும்னு உக்காந்திருக்கோம் பாருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கையைப் பதமாகத் தரைக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை காற்று அடங்கியதும் மீண்டும் தூக்கினாள். இறக்கை அலுங்காமல் போய்ப் பொருந்தியது. மேலே இருந்தவர்கள் கைதட்டியது வாக்கிடாக்கியில் கேட்டது.

மூன்று இறக்கைகளும் ஏறி, காற்றாலை சுழலத் தொடங்கிய வாரம் மாமியாரை அழைத்து வந்து காட்டினாள். நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்து, துவைத்த துணியை வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர் அவர். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குக் கீழ துணி காயப்போட்டா கரி படியாதுல்ல?"

"படியாது அத்தை. ஆனா கிளிப் போடணும், இல்லன்னா பறந்துடும்."