கீழ்க்கட்டில்காரர் தந்த மடக்குக்கத்திகள்

என்னிடம் பதினான்கு மடக்குக்கத்திகள் இருக்கின்றன. அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பனியன் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கள் அருமனைப் பக்கம் மழை தொடங்கிவிட்டால் இரும்புச் சாமான் எதையும் ஒரு வாரம் சும்மா விட முடியாது, துரு ஏறிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றையும் விரித்து, தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடி மடக்கி வைப்பேன். என் மனைவி அடுக்களை வாசலில் இருந்து அதைப் பார்ப்பாள்.

"பதினாலு கத்தி இருக்க வீட்டுல நான் மொன்னக் கத்திய வச்சு சக்கப்பழத்த வெட்டுதேன். ஒண்ணு தந்தா கொறஞ்சா போவும்?" என்று கேட்பாள்.

நான் கொடுத்ததில்லை. ஒன்றைத் தவிர எல்லாமே டமாஸ்கஸ் எஃகுக் கத்திகள். இரண்டு வகை எஃகை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒன்றாக அடித்து, மடித்து, மறுபடி அடித்துச் செய்வது. கடைசியில் ஆசிட்டில் முக்கும்போது ஒரு எஃகு கறுக்கும், மற்றது வெளுப்பாகவே நிற்கும். அப்போது அலகு முழுக்கக் கோலம் தெரியும். சிலதில் ஏணிப்படி போல, சிலதில் குளத்தில் மழைத்துளி விழுந்த வட்டங்கள் போல. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் ஷார்ஜாவில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவர்.

ஏசி மெஷின்கள் பொருத்தும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் இருவரும் வேலை செய்தோம். ஒரு அறையில் ஆறு பேர். அவருக்குப் பாகிஸ்தானில் வஜீராபாத். கத்தி செய்வதுதான் அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தொழில் என்பார். அவருடைய பஞ்சாபி எனக்குப் புரியாது, என் தமிழ் அவருக்குப் புரியாது. இடையில் ஒரு உடைந்த இந்தி. அவர் என்னை "பாய்" என்று கூப்பிடுவார், சகோதரன் என்ற அர்த்தத்தில். எங்கள் ஊரில் முஸ்லிம்களை நாங்கள் கூப்பிடும் சொல்லால் அவர் என்னைக் கூப்பிடுவது முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அறையில் உள்ள எல்லோருக்கும் ஆப்பிள் நறுக்கித் தருவார். அந்தக் கத்தியைத்தான் நான் முதலில் பார்த்தேன். மழைத்துளி வட்டங்கள் உள்ளது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கான ஆப்பிள் துண்டு பழுப்பேறிவிட்டது.

"யார் செய்தது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார். "இங்கே வருவதற்கு முன்னால் எனக்கு அதுதான் வேலை. இப்போது தம்பி செய்கிறான்."

அடுத்த முறை விடுமுறைக்குப் போய் வந்தபோது எனக்கு ஒன்று கொண்டுவந்தார். இரண்டு மாத விடுமுறையில் பத்து நாள் தம்பியின் பட்டறையில் நின்று அவரே அடித்தது. ஒட்டக எலும்பில் கைப்பிடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒன்று என்று ஆனது. அப்படி ஆறு கத்திகள். நான் அவருக்குத் திரும்பக் கொண்டுபோனதெல்லாம் நேந்திரங்காயைச் சீவி வறுத்த ஏத்தங்காய் வத்தலும், பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தும்தான். முந்திரிக்கொத்தை அவர் கடிக்க முடியாமல் சாயாவில் நனைத்துத் தின்பார்.

பிறகு கம்பெனி அந்தக் கிளையை மூடியது. ஒரே வாரத்தில் எங்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். எனக்குக் காலை விமானம், திருவனந்தபுரத்துக்கு. அவருக்கு மறுநாள். கம்பெனி வேன் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போன் பண்ணு," என்றார். "பண்ணுகிறேன்," என்றேன். வேனில் இன்னும் நாலு பேர் ஏற வேண்டியிருந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். அவ்வளவுதான் எங்கள் பிரிவு. இத்தனை வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம் என்று எனக்கு விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஊரில் ரப்பர் தோட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேன். வெள்ளிதோறும் அவர் போனில் வருவார். அவர் ஊருக்கு நான் போக முடியாது. என் ஊருக்கு அவர் வர முடியாது. ஒரு பொட்டலம் அனுப்பக்கூட வழியில்லை. அந்தக் காலத்தில்தான் நான் கத்தி சேர்ப்பவனாக மாறினேன். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் மற்றவர்கள் மிட்டாயும் தைலமும் கேட்பார்கள். நான் மடக்குக்கத்தி கேட்டேன், டமாஸ்கஸ், அவர் ஊரில் செய்தது. அப்படி ஏழு வந்தன. ஒவ்வொன்று வந்ததும் விரித்து, அது அவர் கையால் ஆனதாக இருக்குமோ என்று பார்ப்பேன். படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன்.

"பாய், இது என்னுடையது இல்லை," என்பார். ஒருமுறை, "இது நிஜக் கோலமே இல்லை, மேலே அச்சடித்தது. உப்புத்தாளால் தேய்த்து ஆசிட்டில் முக்கு. கோலம் திரும்பி வந்தால் நிஜம்," என்றார்.

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டில் இருந்தது. தேய்த்து முக்கினேன். ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளைத் தகடு. போனில் காட்டியபோது அவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். அந்த இருமல் அதற்குப் பிறகு எல்லா வெள்ளியும் இருந்தது. வாரத்துக்கு ஒன்று என்றிருந்த அழைப்பு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

என் மகள் அஜ்மானில் நர்ஸ். போன வருடம் அவளுடைய பிரசவத்துக்கு நானும் மனைவியும் விசிட் விசாவில் போனோம். கிளம்புவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட்டேன். "நானும் வருகிறேன். விசாவுக்குப் போட்டுவிட்டேன்," என்றார். பேரப்பிள்ளை வருகிறது என்றபோதுகூட எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்று மனைவி கேலி செய்தாள். அவருக்கென்று பெட்டியில் வத்தலும், எங்கள் கொல்லனிடம் சொல்லிச் செய்த ஒரு பால்வெட்டுக் கத்தியும் வைத்தேன். ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும் அந்த வளைந்த கத்தியைப் படத்தில் பார்த்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அங்கே போய் மூன்று வாரம் காத்திருந்தேன். விசா இன்று வரும், நாளை வரும் என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை எங்கள் பழைய கட்டிடத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

"அப்பா, இந்த வெயில்ல போகாண்டாம். அங்க என்ன இருக்கு?" என்றாள் மகள்.

போனேன். கட்டிடம் இருந்தது. எங்கள் ஜன்னலில் யாருடைய சட்டைகளோ காய்ந்துகொண்டிருந்தன. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் போனில் வந்தார். விசா தள்ளுபடி ஆகிவிட்டது. "என்ன காரணமோ, சொல்லவில்லை," என்றார். போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் அஜ்மானுக்குத் திரும்பினேன்.

அந்த வாரக் கடைசியில் அவருடைய மைத்துனர் என்னைத் தேடி வந்தார். ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறவர், லீவு முடிந்து அப்போதுதான் வஜீராபாத்திலிருந்து வந்திருந்தார். மகளின் வீட்டுக்குக் கீழே இருந்த சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே கத்தி. மழைத்துளிக் கோலம்தான். ஆனால் வட்டங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"அவருக்குக் கை நடுங்குகிறது," என்றார் மைத்துனர். "நாங்கள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இதற்கு ஒரு மாதம் ஆனது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்."

"எதற்கு?"

"கோணலாகிவிட்டதற்கு."

எனக்கு இந்தி முழுக்க மறந்துபோனது போல இருந்தது. "நல்லா இருக்கு என்று சொல்லுங்கள்," என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். வத்தலையும் பால்வெட்டுக் கத்தியையும் கொடுத்தேன். அவர் லாரியில் ஏறிப் போனார். மேலே வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு," என்றாள். பிறகு, "பைய இருங்கோ, சாயா போடுதேன்," என்று உள்ளே போனாள்.

ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் பால்வெட்டுக் கத்தி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வீடியோவில் வந்து, அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். மறுநாள் விடிந்ததும் நான் அவரை வீடியோவில் கூப்பிட்டு, போனோடு தோட்டத்துக்குப் போனேன். மரத்தருகே ஒரு கையில் போன், மறுகையில் கத்தி. பட்டையைச் சீவிக் காட்டினேன். பால் இறங்குவதைப் பார்த்து அவர், "அடடா, அடடா," என்றார். அவர் வீட்டு முற்றத்தில் ஏதோ ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு அதே போலச் செய்ய முயன்றார். கட்டைவிரலைத் தவறான இடத்தில் வைத்திருந்தார். "கீழே, இன்னும் கீழே," என்று சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. நேரில் என்றால் அந்த விரலைப் பிடித்து ஒரு நொடியில் நகர்த்தி வைத்திருப்பேன். சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அவர் பக்கம் சிக்னல் இல்லை என்று நினைத்தேன். அடுத்த வெள்ளி அவரே போனில் வந்தார். 

இந்த மாதம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நாகர்கோவிலுக்குப் போய் விண்ணப்பித்தேன். "பேத்தியப் பாக்கவா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். "அவருக்கு விசா கிடைக்குமாமா?" என்று உடனே அடுத்ததைக் கேட்டாள். மறுபடி போட்டிருக்கிறார் என்றேன்.