பள்ளிவாசல் பஸ்ஸில் வந்த ஓட்டுகள்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் தமிழ் வேண்டுமா என்று எங்கள் பள்ளியில் ஓட்டு வைத்தார்கள். பிள்ளை தாய்மொழி படிக்க ஓட்டா? ஓமானில், தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள இந்தியச் சமூகப் பள்ளி அது. பெற்றோர் கட்டும் கட்டணத்தில்தான் நடக்கிறது. பத்தாவது வரைக்கும் தமிழ் வாத்தியார் வைக்க அந்தப் பொதுப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கலாமா, கூடாதா என்பது கேள்வி. கூடாது என்று ஆகிவிட்டால், ஐந்தாவது படிக்கும் என் மகள் அடுத்த வருடம் ஹிந்திக்கோ பிரெஞ்சுக்கோ போக வேண்டும்.

சரி, போட்டுத் தொலைப்போம் என்று ஆபீஸில் போய் நின்றால், எனக்கு ஓட்டு இல்லையாம். குடும்பத்துக்கு ஒன்றுதான். பிள்ளை யார் விசாவில் இருக்கிறதோ அவர்தான் போட வேண்டும். டிபன் கட்டுவது நான், வீட்டுப்பாடத்துக்கு உட்காருவது நான், மீட்டிங்கில் டீச்சரிடம் திட்டு வாங்குவதும் நான். ஓட்டு மட்டும் என் கணவருக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளார்க்கிடம் கத்தினேன். "ரூல் மேடம்" என்றார்.

ஓட்டு வெள்ளிக்கிழமை. என் கணவர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். அந்த வாரம் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை, லீவு நாளான வெள்ளிக்கிழமையும் டியூட்டி. தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் அதே ஆலைதான். எதிர் ஃபிளாட் முஸ்லிம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், கீழக்கரைக்காரர். அவர் கணவருக்குச் சொந்தக் கடை, அதனால் அவருக்குக் கவலை இல்லை. ஆனாலும் வழி சொன்னது அவர்தான்.

"ஜும்ஆ தொழுகைக்குக் கம்பெனி பஸ் பள்ளிவாசலுக்கு வரும்ல? பின்னாடிதானே பள்ளிக்கூடம். எல்லாரையும் ஏறி வரச் சொல்லு புள்ள."

ஏறி வந்தார்கள். வழக்கத்தை விட இரண்டு மடங்கு கூட்டத்தைப் பார்த்த பாகிஸ்தான் பட்டாணி டிரைவர், "ஆஜ் சப் நமாஸி ஹோ கயா?" என்று, இன்றைக்கு எல்லோருமே தொழுகிற ஆளாகிவிட்டார்களா என்று சிரித்தாராம். தொழ வேண்டியவர்கள் தொழுதுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். எங்களோடு வந்திருந்த பிள்ளைகள் பார்க்க, சேஃப்டி ஷூவும் கவராலுமாக வரிசை நின்றபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மேசையில் பத்தாக்கா கேட்டார்கள். என் கணவர் கழுத்தில் தொங்கிய பாஸைத் தூக்கிக் காட்டினார்.

"இது கம்பெனி பாஸ் சார். பத்தாக்கா. ரெசிடென்ட் கார்டு."

கணவர் பையைத் தடவினார். பின்னால் நின்றவர் தடவினார். வரிசையே தடவியது. காலையில் ஆலை கேட்டில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுப்பார்கள். சாயங்காலம் பாஸைக் கொடுத்தால்தான் கார்டு. தொழுகை பஸ்ஸை மட்டும் பாஸை வாங்காமல், கார்டைக் கொடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். தினமும் கொடுத்துக் கொடுத்து, அந்தக் கார்டு தங்களுடையது என்பதே ஒருத்தருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"கார்டு இல்லாம வந்து நிக்கிறீங்களே, உங்களையெல்லாம் பெத்தாங்களா, செஞ்சாங்களா?" என்று கத்தினேன்.

"கத்தாத. பிள்ளைங்க பாக்குது."

"பாக்கட்டும். அதுங்களுக்காகத்தானே வந்தீங்க?"

எல்லாப் பாஸையும் கழற்றி வாங்கி, துப்பட்டாவில் முடிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் திகைத்தார். "கேட்! ஜல்தி பாய்!" என்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான். "யல்லா பாபி", போகலாம் அண்ணி, என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

கேட்டில் நேபாளிக் காவலாளி. ஒரு பாஸுக்கு ஒரு கார்டு, யார் கொண்டு வந்தாலும் சரி. முதல் தடவையாக ஒரு ரூல் எனக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு கார்டாக எடுத்துப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். படத்தில் எல்லோருக்கும் தலை நிறைய முடி. என் கணவர் படத்தைக் காட்டி, "ஹீரோ!" என்றார். அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

தொழுகை பிரேக் முடிவதற்குள் திரும்பிவிட்டோம். என் கணவர் ஓட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு விழித்தார். "மேல உள்ளதுல குத்துங்க!" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

"மேடம், ரூல்!" என்றார் கிளார்க்.

சாயங்காலம் எண்ணி முடித்து, தமிழுக்குச் சம்பளம் உண்டு என்று அறிவித்தார்கள். நான் ராமநாதபுரத்துக்காரி. கார் நிறுத்துமிடத்திலேயே குலவை போட்டேன். இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். என்னவோ ஏதோ என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"ஸோ, டென்த் வரைக்கும் தமிழ் எக்ஸாமாம்மா?" என்றாள் என் மகள். "பிரெஞ்ச் ஈஸின்னு சொன்னாங்க."

கையை ஓங்கினேன். லாத்தா பிடித்துக்கொண்டார். "ஜெயிச்ச அன்னைக்கே அடிக்காத புள்ள. நாளைக்கு அடி."

ஆலைக்குத் திரும்பிவிட்டிருந்த கணவருக்கு ஃபோன் போட்டேன். ஒரே இரைச்சல். "ஜெயிச்சாச்சுங்க!" என்று மூன்று தடவை கத்திய பிறகுதான் காதில் விழுந்தது. அவர் மேலே நின்ற யாரிடமோ கூவுவது கேட்டது. உடனே சாரத்தில் நின்றவர்கள் ஸ்பேனரால் பைப்பைத் தட்ட ஆரம்பித்தார்கள். தட்டு தட்டு என்று ஃபோனே அதிர்ந்தது. மகள் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை.