ஹன்னாவின் மத்தாப்புப் பெட்டி

“வாங்கன்னு சொல்ல வாய் போதும், போயிட்டு வாங்கன்னு சொல்ல நெஞ்சு வேணும்” என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதன் அருமை எனக்கு விருதுநகர் ரயில் நிலையத்தில்தான் விளங்கியது.

ஜெர்மனியிலிருந்து வந்து, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஹன்னா, ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாள். அன்று ஊர் திரும்புகிறாள். வண்டி வரும் நேரத்தில் அவள் பையைத் தூக்கினேன். வெடிமருந்து வாசம் அடித்தது.

“ஏ புள்ள, உள்ள என்ன?”

“மத்தாப்பும்மா. கம்பெனி அக்காமார் குடுத்தாக, எங்க அம்மாவுக்கு.”

நடைமேடையில் போலீஸ்காரர் ஒருவர் பைகளைச் சோதித்தபடி வந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. “மாட்டுனா ரயிலும் போச்சு, பிளேனும் போச்சு. எடுத்துரு தாயி!”

ஹன்னா பையை இறுக்கிக்கொண்டாள். “அன்பாக் குடுத்தத மறுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?”

என் பேச்சே என்னை மடக்கியது.

“மறுக்க வேணாம். எங்கிட்ட குடுத்து வையி. ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வா, இங்கன சேந்து கொளுத்துவோம்.”

அவள் பிடி தளர்ந்தது. மத்தாப்புப் பெட்டியை வாங்கி முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டேன். போலீஸ்காரர் அவள் பையைக் கிளறினார். பொரித்த பரோட்டாப் பொட்டலம்தான் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முந்தானையை இன்னும் இழுத்து மூடினேன். சிரித்துவிட்டு நகர்ந்தார்.

வண்டி வந்தது. ஹன்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பெட்டி விழுந்துவிடுமே என்று ஒரு கையால்தான் அவளை அணைத்தேன்.

நமத்துப்போகாமல் இருக்க வருடந்தோறும் அந்த மத்தாப்பை வெயிலில் காயவைக்கிறேன். இன்னொரு கை அவளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.